சொந்தக் காசுல ரம்மி ஆடுறவரத் தடுக்க அரசாங்கத்துக்கு உரிமை இருக்கா? வீட்டுல நானே தடுத்துட்டு இருக்கேன்

திருப்பூர் நூல்காரன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மனுஷனோட சொந்த விஷயத்துல அரசாங்கம் மூக்க நுழைக்கக் கூடாதுன்னு விடாம பேசுறவன் நான். என்ன சாப்பிடணும், யாரக் கட்டிக்கணும், சம்பாதிச்ச காச எப்படி செலவு பண்ணணும், இதெல்லாம் அவங்கவங்க பாடு. 2022ல தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை கொண்டு வந்தப்பவும் அதத்தான் சொன்னேன். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு நாடு முழுக்கப் பணம் கட்டி ஆடுற ஆட்டத்த நிறுத்தினப்பவும் அதேதான். சொந்தக் காசு, சொந்த போன், சொந்த நேரம், இதுல டெல்லிக்கும் கோட்டைக்கும் என்ன வேலைன்னு கேட்டேன். மனசார நம்பித்தான் கேட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் இங்க ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். 36 வயசு, தங்கமான மனுஷன், பீடி சிகரெட் கூட கிடையாது. எங்க ஊர்ல சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு தங்கச்சி போன் பண்ணி அண்ணா நீ கொஞ்சம் வா அப்படின்னா, வேற எதுவும் சொல்லல. போனா மாப்ள தரையில செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கார், எதுத்தாப்புல போன் கவுந்து கிடக்கு. விடிய விடியப் பேசினதுல தெரிஞ்சது, மொத்தம் 4 லட்சத்து 60 ஆயிரம். ரம்மி. பாப்பாவோட காதுத் தோடு வரைக்கும் அடகுக்குப் போயிருக்கு, மூணு கடன் ஆப்புல வேற வாங்கியிருக்கார். இதுல என்னை உறுத்துறது என்னன்னா மூணு லட்சம் தடைக்கு முன்னாடி போனது, மிச்சம் தடைக்குப் பின்னாடி. பெரிய கம்பெனிங்க பண ஆட்டத்த நிறுத்தினதும் யாரோ டெலிகிராம்ல அனுப்பின ஒரு லிங்க்ல போய் ஆடியிருக்கார், அது எந்த நாட்டுக் கம்பெனின்னு கூட அவருக்குத் தெரியல.

அன்னைக்கு விடிகாலையில நான் என்ன பண்ணேன் தெரியுங்களா, அவரோட ஏடிஎம் கார்டு, யூபிஐ இருந்த சிம், பேங்க் புக் எல்லாத்தையும் வாங்கி என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன், அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்தேன். இப்ப சனிக்கிழமை ஆனா கம்பெனி வாசல்ல போய் நின்னு சம்பளத்த வாங்கி தங்கச்சி கையில குடுக்கறேன், அவருக்கு வாரத்துக்கு 500 ரூபா.

போன வாரம் பேக்கரி முன்னாடி நின்னு, மச்சான் டீ குடிக்க ஒரு இருவது ரூபா இருக்குமாங்கன்னு கேட்டார். விரல் நுனியெல்லாம் மார்க்கிங் சாக்பீஸ் ஒட்டியிருந்துச்சு, ஆயிரக்கணக்கான பீஸ ஒரு நூல் பிசகாம வெட்டுற கை. அந்தக் கைய என் முன்னாடி நீட்டும்படி வச்சது நான்தான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அரசாங்கம் செய்யக்கூடாதுன்னு இத்தனை வருஷமா நான் சொன்னது எதுவோ அதத்தான் வீட்டுக்குள்ள நானே செஞ்சுட்டு இருக்கேன். நான் செய்றது சரின்னா அரசாங்கம் செஞ்சது எப்படித் தப்பு? அரசாங்கம் செஞ்சது தப்புன்னா நான் செய்றது? யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கும் வர முடியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, கட்சி அரசியல் மட்டும் வேண்டாம்.

---

காவிரிக்கரை பதில்:

அண்ணா, படிச்சு முடிச்சதும் ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் நல்லது நடக்கணும்.

நான் இன்னமும் உங்க பழைய கருத்துலதான் இருக்கேன், ஏன்னு சொல்றேன். நீங்க செஞ்சதும் அரசாங்கம் செய்றதும் பார்வைக்கு ஒண்ணு மாதிரி இருந்தாலும் ஒண்ணு இல்ல. உங்களுக்கு அவரத் தெரியும். அவர் சாப்பிட்டாரா தூங்கினாரான்னு தெரியும். அவர் கோவம் வந்தா உங்க சட்டையப் புடிச்சுக் கேக்கலாம், தங்கச்சி நடுவுல வந்து போதும் விடு அண்ணான்னு சொல்லலாம், ஆறு மாசத்துல அவர் தேறிட்டா கார்ட எடுத்துக் கையில குடுத்துடுவீங்க. அரசாங்கத்துக்கு இதுல எதுவும் முடியாது, அது போடுற பூட்டு எட்டு கோடி பேருக்கும் ஒரே பூட்டு, தீபாவளி ராத்திரி நாலு கூட்டாளிங்களோட பத்து ரூபா வச்சு ஆடுறவனுக்கும் அதே, வீட்ட விக்கிறவனுக்கும் அதே. ஒரு தடவ போட்ட பூட்ட அது கழட்டினதா எனக்கு ஞாபகம் இல்ல.

அப்புறம் எந்த அரசாங்கம் இதச் சொல்லுதுன்னும் பாக்கணும்ல. 2003ல இருந்து சில்லறை மது விக்கிறதே அரசாங்கம்தான், டாஸ்மாக்ல வருஷத்துக்கு 45 ஆயிரம் கோடிக்கு மேல வருமானம் வருது. கூலிய வாங்கிட்டு நேரா கடைக்குப் போறவன அங்க யாரும் நிறுத்திக் கேக்கறது இல்ல, அது அவன் பொறுப்பாம், ஆனா ரம்மின்னு வந்தா நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாதுன்னு சொல்றாங்க. கெடுதல வச்சுத் தடை போடறாங்களா, வருமானம் யார் பைக்குப் போகுதுங்கறத வச்சுப் போடறாங்களான்னு எனக்கு நெஜமாவே கோவம் வருது.

இன்னொண்ணு. 2025 பிப்ரவரில தமிழ்நாட்டுல ஒரு விதி வந்துச்சு, ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் பண ஆட்டம் ஓடக்கூடாது, உள்ள நுழைய ஆதார் வச்சு சரிபார்க்கணும்னு. நான் எந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஆடுறேங்கறது என் ஆதாரோட சேந்து ஒரு இடத்துல பதிவாக வழி ஆச்சு. 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிங்க உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்ன நாடு இது. இன்னைக்கு நல்லதுக்குன்னு எடுக்கிற விவரம் நாளைக்கு எதுக்குப் போகும்னு யார் பொறுப்பு எடுத்துக்குவாங்க? ஃபேஸ்புக்ல எழுதினதுக்கு புள்ளைங்களப் புடிச்சு உள்ள வச்ச ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவும் நல்லதுக்குன்னு வந்ததுதான், 2015ல சுப்ரீம் கோர்ட் தூக்குற வரைக்கும் எத்தன பேர் அலைஞ்சாங்க.

கடைசியா நீங்களே சொல்லிட்டீங்க, தடைக்குப் பின்னாடியும் காசு போயிருக்கு, முன்ன ஜிஎஸ்டி கட்டிட்டு இந்தியாவுல ஆபீஸ் வச்சிருந்த கம்பெனிகிட்ட போச்சு, இப்ப முகவரியே இல்லாதவன்கிட்ட போச்சு. ஏமாந்தா கேக்க ஆள் இல்ல. தடைன்னா இதுதான்.

---

ஹைகோர்ட் வராண்டா பதில்:

நூல்காரன் சார், நான் வக்கீல், இந்த மாதிரி குடும்பங்களப் பாத்துட்டு இருக்கறவன். கோர்ட் இதே கேள்விய அறுபது எழுபது வருஷமா மென்னுட்டு இருக்கு, அத மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

1957ல சுப்ரீம் கோர்ட் சூதாட்டத்த ஒரு வியாபாரமாவே ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு, அதனால தொழில் செய்யற உரிமைன்னு யாரும் அதுக்குப் பாதுகாப்பு கேக்க முடியாது. அப்ப எது சூது எது திறமைங்கற கேள்வி வருதுல்ல, 1967ல செகந்திராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல ரம்மி திறமை ஆட்டம்னு சொன்னாங்க, விழுற கார்ட ஞாபகம் வச்சுக்கணும், எத வச்சுக்கறது எத விடறதுன்னு கணக்குப் போடணும்னு. 1996ல நம்ம மெட்ராஸ் குதிரைப் பந்தய வழக்குலயும் அதே வழிதான். இந்த ரெண்டு தீர்ப்பையும் கையில வச்சுக்கிட்டுத்தான் ஆப் கம்பெனிங்க இத்தன வருஷம் நின்னாங்க.

தமிழ்நாடு 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டுச்சு, அப்புறம் சட்டமாக்கிச்சு, 2021 ஆகஸ்ட் 3ல ஹைகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. மொத்தமா அழிக்கறது அளவுக்கு மீறினது, கட்டுப்படுத்த வழி இருக்கும்போது ஏன் முழுத் தடைங்கறதுதான் சாரம். அப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமைல குழு, 2022ல புது மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பினது, சபை மறுபடி நிறைவேத்தினது, 2023 ஏப்ரல்ல ஒப்புதல், இதெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட் சட்டம் செல்லும், ஆனா ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டம்னு பட்டியல்ல சேத்தது செல்லாது, நேரம் வயசு இதுக்கெல்லாம் விதி போட்டுக்கோங்கன்னு சொல்லிச்சு. அதுல இருந்து வந்ததுதான் காவிரிக்கரை தம்பி சொன்ன 12 டு 5 விதி, அத 2025 ஜூன்ல ஹைகோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு. ரெண்டே மாசத்துல மத்திய சட்டம் வந்து திறமையா இருந்தா என்ன அதிர்ஷ்டமா இருந்தா என்ன, பணம் கட்டினா தடைதான்னு எல்லாத்தையும் மூடிடுச்சு. அதுமேல வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு.

ஒரு விஷயத்த மட்டும் நிறுத்திச் சொல்லணும். அந்த மத்திய சட்டத்துல ஆடுறவருக்கு தண்டனை கிடையாது. ஆட்டத்த நடத்துறவருக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம், விளம்பரம் பண்றவருக்கு ரெண்டு வருஷம், ஐம்பது லட்சம். அதனால உங்க மாப்ளைய யாரும் புடிக்க மாட்டாங்க, பயந்துட்டு எதையும் மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க. சுதந்திரத்தப் பத்தின உங்க கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பாதி பதில் இதுலயே இருக்கு, சட்டம் தன் கைய ஆடுறவன் பக்கம் நீட்டறதா ஆட்டத்த விக்கிறவன் பக்கம் நீட்டறதாங்கறது சின்ன வித்தியாசம் இல்ல சார். ஆனா முழுத் தடை தேவைதானான்னு கேட்டா, 2021ல ஹைகோர்ட் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லலன்னுதான் நான் நினைக்கறேன்.

கடன் ஆப் விஷயம் அவசரம். போன்ல இருக்கிற காண்டாக்ட் லிஸ்ட்ட கடன் ஆப் எடுக்கக்கூடாதுன்னு 2022 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. சொந்தக்காரங்களுக்கு போன் பண்ணி மிரட்டினா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க. அடகு ரசீது எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு தேதி வாரியா வைங்க.

---

பழைய ஆட்டக்காரன் பதில்:

நான் ஆடினவன். மதுரை. ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆடினேன், ஆடாம இருந்து இப்ப பதினாலு மாசம் ஆச்சு. எவ்வளவு போச்சுன்னு இங்க எழுதல, வீடு கட்ட வாங்கின மனை போச்சுன்னு வச்சுக்கங்க.

காவிரிக்கரை தம்பி, உன் மேல கோவம் இல்லப்பா, நானும் அப்படித்தான் பேசினேன், என் காசு என் இஷ்டம்னு என் பொண்டாட்டிகிட்ட கத்தியிருக்கேன். ஆனா நீ ஆட்டத்த வெளிய இருந்து பாக்குற. உள்ள எப்படி இருக்கும்னு சொல்றேன் கேளு.

டீக்கடைத் திண்ணைல சீட்டு ஆடினா நாலு பேர் முகம் தெரியும். ஒருத்தன் பொண்டாட்டி வந்து திட்டுவா, ஒருத்தனுக்குத் தூக்கம் வரும், கையில காசு தீந்துரும், கடைக்காரர் லைட்ட அணைச்சுருவார். ஆட்டம் முடிய இத்தன வழி இருக்கு. போன்ல இது ஒண்ணுமே கிடையாது. காலைல மூணு மணிக்கு எங்க வீட்டு பாத்ரூம்ல, பக்கெட்டக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து ஆடியிருக்கேன், வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு போன நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு. ஒரு ஆட்டம் ரெண்டு மூணு நிமிஷம். பாயின்ட்டுக்கு பத்து ரூபா டேபிள், கை முழுசா தோத்தா 80 பாயின்ட், 800 ரூபா. முடிஞ்ச அடுத்த செகண்ட் புது கார்டு விழுந்துரும். எந்திரிக்கலாமான்னு நினைக்கிறதுக்குள்ள பதிமூணு கார்டு கையில இருக்கும்.

நான் ஜெயிச்ச கதைய சொல்றேன், அதுதான் முக்கியம். ஒரு நாள் ராத்திரி 38 ஆயிரம் வந்துச்சு. போதும்டா சாமின்னு பேங்க்குக்கு மாத்தச் சொல்லி அழுத்தினேன். பணம் போடறதுக்கு ஒரு செகண்ட் ஆகுற ஆப்புல எடுக்கறதுக்கு மட்டும் காத்திருங்கன்னு வருது, அதுக்குப் பக்கத்துலயே பெருசா ஒரு பட்டன், எடுப்பத ரத்து செஞ்சு இப்பவே ஆடுங்கன்னு. அந்தப் பட்டன நான் அழுத்தாம நாப்பது நிமிஷம் இருந்தேன். நாப்பது நிமிஷம்தான். அழுத்தினேன். விடியுறப்ப 38 ஆயிரமும் இல்ல, மேல 11 ஆயிரம் கடன். நாலு நாள் ஆடாம இருந்தா போன்ல மணி அடிக்கும், உங்க கணக்குல 500 ரூபா போனஸ் காத்துட்டு இருக்குன்னு. அந்த 500அ எடுக்க முடியாது, ஆடி ஆடித்தான் கொஞ்சம் கொஞ்சமா விடுவிக்கும். அந்தப் பட்டன அங்க வச்சவன் சம்பளம் வாங்குறவன், என்னை மாதிரி ஆள் எந்த நிமிஷத்துல உடைவான்னு கணக்குப் பாத்து வச்சவன். அவனோட சுதந்திரமும் என்னோட சுதந்திரமும் ஒரே தராசுல வைக்கிற சமாச்சாரமாப்பா?

திறமை ஆட்டம்னு கோர்ட் சொன்னத நான் மறுக்கல, நான் நல்லாவே ஆடுவேன். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஜெயிக்கிற பணத்துல கம்பெனி ஒரு பங்கு எடுத்துக்கும். நூறுல பத்து எடுக்கறான்னு வைங்க, ரெண்டு பேர் மாறி மாறி ஜெயிச்சுக்கிட்டே விடிய விடிய ஆடினா ரெண்டு பேர் காசும் அங்கதான் போய் நிக்கும். இத நான் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஒரு நோட்டுல எழுதிப் பாத்தேன்.

நான் அரசாங்கத்துகிட்ட ஆட்டத்த ஒழின்னு கேக்கல. நான் நல்லா இருக்கிற ஒரு பகல் நேரத்துல, எனக்கு நானே ஒரு பூட்டுப் போட்டுக்கணும், ராத்திரி மூணு மணிக்கு நான் அழுதாலும் அந்தச் சாவி எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் கஸ்டமர் கேருக்கு எழுதி கணக்க மூடச் சொன்னேன், மூடினாங்க, அதே போன்ல வேற நம்பர்ல அன்னைக்கே புதுக் கணக்கு, வரவேற்பு போனஸோட.

நூல்காரன் அண்ணே, நீங்க செஞ்சது தப்பு இல்ல. ஆனா பூட்ட நீங்க போட்டீங்க, அவர் போடல. எங்க அண்ணன் என் கார்ட புடுங்கினப்ப நான் மூணு மாசம் ஆடல, நாலாவது மாசம் கூட வேல பாக்குறவன் போன்ல ஆடினேன், அண்ணன ஜெயிக்கணும்னே ஆடினேன். அதுக்கப்புறம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நானா போனேன், நானா கார்ட பொண்டாட்டிகிட்ட குடுத்தேன். அப்பதான் நின்னுச்சு. ராத்திரில மனசு ரொம்ப மோசமா போனா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு அடிக்கச் சொல்லுங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. நான் அடிச்சிருக்கேன்.

---

விருதுநகர் செல்வி பதில்:

எங்கப்பா லாட்டரிக் கடை வச்சிருந்தாங்க. 1968ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப ஆரம்பிச்சது தமிழ்நாட்டு லாட்டரி, விழுந்தால் வீட்டுக்கு விழாவிட்டால் நாட்டுக்குன்னு அரசாங்கமே சொல்லி வித்தது. கயித்துல கிளிப்பு போட்டு சீட்டத் தொங்க விடுறது என் வேலை, ஸ்கூல் விட்டு வந்ததும் பண்ணுவேன். சாயங்காலம் ரிசல்ட் பேப்பர் வந்ததும் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து நேரா வர்ற ஆளுங்க நம்பர விரலால தடவித் தடவிப் பாப்பாங்க, ஒருத்தர் தினம் பாத்துட்டு சீட்ட நாலா மடிச்சு மறுபடி பாக்கெட்லயே வச்சுக்குவார், தூக்கிப் போட மாட்டார்.

2003 ஜனவரில தடை வந்துச்சு. எங்கப்பா அதுக்கப்புறம் ஒரு வருஷம் சரியா பேசல. வீட்டுல கஷ்டம். அரசாங்கம் சொல்லித்தானே வித்தேன், அரசாங்கமே ஒரே நாள்ல என்ன குத்தவாளி மாதிரி ஆக்கிருச்சேன்னு கேப்பாங்க, அந்தக் கேள்வி நியாயம்னுதான் இன்னைக்கும் சொல்வேன். ஆனா எங்க தெருவுல அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காங்க கிட்டயும் கேட்டுப் பாருங்க, வீட்டுக்காரர் கூலி வீடு வந்து சேந்தது அதுக்கப்புறம்தான்னு சொல்வாங்க. மூணு நம்பர் லாட்டரின்னு இன்னமும் திருட்டுத்தனமா ஓடுது, இல்லன்னு சொல்லல, ஆனா தெருவுக்கு ரெண்டு கடைல கண்ணு முன்னாடி தொங்கறதும் ஒளிஞ்சு தேடிப் போறதும் ஒண்ணு கிடையாது. பாதிப் பேர் தேடிப் போகவே இல்ல.

ஒண்ணு கேக்கணும் எல்லாரையும். இவ்வளவு பேர் எழுதியிருக்கீங்க, அவர் பொறுப்பு, அரசாங்கத்தோட எல்லை, கம்பெனி உரிமைன்னு. பாப்பாவோட தோடு அடகுக்குப் போறப்ப அந்தப் பாப்பாகிட்டயோ அந்தத் தங்கச்சிகிட்டயோ யாராவது கேட்டாங்களா? சொந்தக் காசுன்னு சொல்றோம், கல்யாணம் ஆன வீட்டுல சொந்தக் காசுன்னு தனியா எது இருக்கு?

---

உட்லண்ட்ஸ் தம்பி பதில்:

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன். இங்க தடையும் இல்ல, சும்மா விடறதும் இல்ல. 2010ல ரெண்டு கேசினோ தொறந்தாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைய கட்டணம் இல்ல, ஆனா சிங்கப்பூர் குடிமகனா இருந்தா ஒரு நாளைக்கு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்டிட்டுத்தான் உள்ள போகணும். சொந்த ஜனங்க யோசிச்சுட்டுப் போகட்டும்னு.

அக்கா கேட்ட கேள்விக்கு இங்க ஒரு ஏற்பாடு இருக்கு. தன்னைத் தானே தடை பண்ணிக்கலாம், ஃபார்ம் போட்டா போதும், கேசினோ வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. குடும்பத்துல இருக்கறவங்களும் விண்ணப்பம் பண்ணலாம், மனைவி, அப்பா அம்மா, பிள்ளைங்க. ஆனா அவங்க கேட்டாங்கன்னு உடனே போட மாட்டாங்க, ஒரு குழு உக்காந்து அந்த ஆளையும் கூப்பிட்டு அவர் பக்கம் என்னன்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணும். பிரிட்டன்லயும் ஆன்லைனுக்கு இது மாதிரி ஒரு பதிவு இருக்கு, ஒரு தடவ பேர் குடுத்தா லைசென்ஸ் வச்ச எல்லா சைட்லயும் ஒரே நேரத்துல மூடிரும், ஆறு மாசம், ஒரு வருஷம், அஞ்சு வருஷம்னு நாமே தேர்ந்தெடுக்கலாம், அந்தக் காலம் முடியுற வரைக்கும் கெஞ்சினாலும் தொறக்காது. மதுரை அண்ணன் கேட்ட பூட்டு இதுதான்.

இங்கயும் கஷ்டப்படுறவங்க இருக்காங்க, லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் ஞாயித்துக்கிழமை 4டி லாட்டரி வாங்க நிக்கிற வரிசைல நம்ம ஊர் ஆளுங்க எத்தன பேர்னு பாத்தா மனசு வலிக்கும், கம்பெனி டார்மிட்டரில பத்து பேரோட தங்கி சம்பாதிக்கிற காசு. சிங்கப்பூர் சொர்க்கம்னு சொல்ல வரல. அரசாங்கம்னா ஒண்ணு எல்லாத்தையும் மூடணும் இல்ல எல்லாத்தையும் விடணும்னு இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

---

காவிரிக்கரை பதில்:

மதுரை அண்ணன் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அந்தப் பட்டன் விஷயம் எனக்குத் தெரியாது. நெஜமா தெரியாது. நான் பேசினது ரெண்டு பேர் சமமா உக்காந்து செய்ற பேரம்னு நினைச்சு, இது அப்படி இல்லைன்னு புரியுது. பணம் போட எவ்வளவு நேரமோ எடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகணும், ரத்து பட்டன் வைக்கக் கூடாது, தானா போட்டுக்கிற பூட்டு எல்லா ஆப்புக்கும் பொதுவா இருக்கணும், இந்த மாதிரி சட்டம் போட்டா நானே ஆதரிப்பேன், அது ஆடுறவரோட சுதந்திரத்தக் கூட்டுதே தவிர குறைக்கல.

ஆனா செல்வி அக்கா, முழுத் தடையில மட்டும் நான் உங்களோட வர முடியல. இப்ப ஆப் இல்ல, அதனால அந்தப் பூட்டப் போடச் சொல்லவும் இங்க ஆள் இல்ல. டெலிகிராம் லிங்க்காரன்கிட்ட எந்தச் சட்டத்தக் காட்டுறது? நூல்காரன் அண்ணன் வீட்டுல ரெண்டாவது தடவ போன காசு அங்கதான் போச்சு, அத மறந்துடக் கூடாது. டாஸ்மாக் பத்தி நான் கேட்டதுக்கும் யாரும் பதில் சொல்லல.

---

பழைய ஆட்டக்காரன் பதில்:

டாஸ்மாக் பத்திக் கேட்டது நியாயம்தான் தம்பி, எனக்கும் பதில் இல்ல. ஆனா ராத்திரி பத்து மணிக்கு அதுவும் ஷட்டர இறக்கிருது, அடுத்த நாள் மத்தியானம் 12 மணிக்குத்தான் தொறக்கும். என் பாத்ரூமுக்கு ஷட்டர் இல்ல.

---

திருப்பூர் நூல்காரன் பதில்:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் சார் சொன்னபடி கவர் போட்டாச்சு, ஒரு கடன் ஆப்காரன் தங்கச்சி நம்பருக்கே மோசமா மெசேஜ் போட்டிருந்தான், 1930ல பதிவு பண்ணிட்டோம்.

நேத்து ராத்திரி இதப் பூரா மாப்ளகிட்ட என் போன்லயே குடுத்துப் படிக்கச் சொன்னேன். மொட்டை மாடில உக்காந்து படிச்சார். அந்த நாப்பது நிமிஷம் வர்ற இடத்துல நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எனக்கு இருவது நிமிஷம் கூடத் தாங்காது மச்சான்னு சொன்னார். ரெண்டு வருஷத்துல அவரா வாயத் தொறந்து இதப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவ.

என் பீரோவத் தொறந்து கார்டு, சிம், பேங்க் புக் எல்லாத்தையும் எடுத்து அவர் கையிலயே குடுத்துட்டேன். பயமாத்தான் இருந்துச்சு, கை நடுங்குச்சு எனக்கு. வாங்கி மடியில வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் அவரே கீழ எறங்கிப் போய் பாப்பாவோட ரூல்டு நோட்டுல ஒரு தாள் கிழிச்சு எழுதினார், ஒரு வருஷத்துக்கு கார்டும் சிம்மும் வீட்டம்மாகிட்ட இருக்கும், நான் கேட்டாலும் குடுக்கக்கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மூணு பேரும் உக்காந்து பேசணும், ஜிஹெச்ல காட்டிட்டு வரணும்னு. பாப்பா தோடு மீட்கிறதத்தான் முதல் வரியா எழுதியிருந்தார். செல்வி மேடம், தங்கச்சிகிட்ட கேட்டோம், அவ ஒரு வரி சேத்தா, வாரச் செலவு 500 இல்ல ஆயிரம், கணக்கு கேக்க மாட்டேன்னு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

என் கருத்து மாறிடுச்சான்னு கேட்டா, காவிரிக்கரை தம்பியோடதான் இன்னும் பாதி நிக்கறேன், முழுத் தடைய என்னால ஏத்துக்க முடியல. ஆனா என் காசு என் இஷ்டம்னு இனிமே ஒரே வரில எழுத மாட்டேன், எதிர்ல யார் உக்காந்திருக்கான்னு கேட்டுட்டுத்தான் எழுதுவேன்.

நாளைக்கு சனிக்கிழமை. சம்பளத்த நானே வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடறேன் மச்சான், நீங்க வர வேண்டாம்னு சொல்லியிருக்கார். நான் போகல.